சுகிர்தபாயின் ஏழு விண்ணப்பங்கள்

ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். ஐம்பத்து நாலில் பாறசாலைப் பக்கம் ஊர் இரண்டுபட்டபோது கூத்தாடிகள் மேடையேறினார்கள், படிப்பை இழந்ததோ நாலாம் பாரத்துப் பிள்ளைகள் ஏழு பேர். திருவிதாங்கூரின் தமிழ்த் தாலுகாக்களைச் சென்னை மாகாணத்தோடு சேர்க்கச் சொல்லி ஊர்வலம் போனதற்காகப் பள்ளிக்கூடம் அவர்களைத் துரத்திவிட்டது. அவர்களுக்காக வாதாடிய கணக்கு டீச்சர் சுகிர்தபாய்க்கும் அதோடு வேலை போயிற்று.

அவளுக்கு அப்போது முப்பத்தொரு வயது. கல்யாணமில்லை, பிடிவாதம் மட்டும் ஏழு பேருக்குப் பங்கிட்டுக் கொடுக்கலாம். சர்ச்சுக்குப் பின்னாலிருந்த விறகுப்புரையைக் கெஞ்சி வாங்கி, விறகை ஒரு மூலைக்குத் தள்ளிவிட்டு, பிள்ளைகளை உட்காரவைத்தாள். மூன்று வருஷத்தில் ஏழு பேரும் தனியாகப் பணம் கட்டிப் பள்ளியிறுதிப் பரீட்சை எழுதவேண்டும், அவ்வளவுதான் அவள் கேட்டது. ஏழு பேரில் பீடி சுற்றப் போய்விட்ட ஈசாக்கைக் கடையிலிருந்தே கையைப் பிடித்து இழுத்து வந்தாள். அவனுக்குக் கணக்கு கற்பூரம்போலப் பற்றிக்கொள்ளும்.

அந்த விறகுப்புரையில் பாடம் நடந்த விதமே தனி. தமிழில் புரியாததை டீச்சர் மலையாளத்தில் விளக்குவாள், பிள்ளைகளும் மலையாளத்திலேயே பதில் சொல்லும். நோட்டில் எழுதுவது மட்டும் தமிழில்தான்.

ஐம்பத்தாறில் விண்ணப்பம் போடும் நேரம் வந்தது. நாலு தாலுகாதான் சென்னைக்கு, பாறசாலை சேர்ந்த நெய்யாற்றின்கரை கேரளத்தோடேதான் என்று அதற்குள் தீர்மானமாகிவிட்டது. கடைசி நேரத்தில் மாறும் என்று தலைவர்கள் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சுகிர்தபாய் அதை நம்பினாள். நம்ப ஆசைப்பட்டாள் என்பதுதான் சரி.

ஈசாக்கின் அம்மா புஷ்பபாய் விறகுப்புரைக்கு வந்தாள்.

“டீச்சரே, இதுகளுக்கு ரெண்டு பாஷையும் அறியும். மலையாளம்னு எழுதிப் போடுங்க. ஜெயிச்சா போரும்.”

“அதுக்காக்கும் உங்க மவன் போலீஸ்கிட்ட அடி வாங்கினது?”

“அவன் வாங்கினது போரும் டீச்சரே. இனியும் வாங்கண்டாம்.”

சுகிர்தபாய் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஏழு விண்ணப்பத்திலும் பரீட்சை மொழி தமிழ் என்று எழுதினாள். பக்கத்திலேயே இடமிருக்க, களியக்காவிளைக்குத் தெற்கே, சென்னைக்குப் போகவிருந்த பக்கத்தில் இருந்த பள்ளிக்கூடத்தைப் பரீட்சை நடக்கும் இடமாகக் குறித்தாள். எல்லாம் ஒரே மாகாணமாகத்தானே ஆகப்போகிறது!

நவம்பரில் எல்லை களியக்காவிளையில் விழுந்தது. திருவனந்தபுரத்துப் பரீட்சை ஆபீசில் ஒரு குமாஸ்தா நல்ல மனுஷர், தமிழரும்கூட. “மலையாளம்னு மாத்தி ஒரு கையொப்பு போடுங்க டீச்சரே, நான் இங்கயே இடம் தாறேன். பதினைஞ்சாம் தேதி வரைக்கும் சமயம் உண்டு” என்றார். தலைவர்கள் டெல்லிக்கு மனு அனுப்பியிருக்கிறார்கள், பதில் வரட்டும் என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தாள் இவள். படித்தவள்தான், புத்தி எங்கே போயிற்றோ!

பதில் வரவில்லை, பதினைந்தாம் தேதி மட்டும் வந்து போயிற்று. பிறகு ஓடினாள். காகிதம் தெற்கே போய்விட்டது என்றார்கள் இங்கே. உங்கள் ஊர் எங்களுடையது இல்லை என்றார்கள் அங்கே. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது, உடைத்தது அவளேதான். மார்ச் மாதம் ஊரில் மற்றப் பிள்ளைகள் பரீட்சைக்குப் போனபோது விறகுப்புரையில் ஏழு பேரும் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். மறுவாரம் ஒருவரும் வரவில்லை.

தலைவர்களுக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை. பத்து வருஷம் கழித்து ஒரு விழாவில் சுகிர்தபாய்க்குச் சால்வை போர்த்தி, மொழிக்காக வேலையையே விட்டவர் என்று புகழ்ந்தார்கள். திரும்பி வரும்போது களியக்காவிளை எல்லைச் செக்போஸ்டில் பஸ் நின்றது. லாரியிலிருந்து மூட்டை இறக்கிக்கொண்டிருந்த ஈசாக் அவளைப் பார்த்துவிட்டு ஜன்னலருகே வந்தான்.

“டீச்சர் சுகந்தானே?”

“எலே ஈசாக்கு, எம்மேல கோவம் உண்டா மக்கா?”

தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தான்.

“கோவம் ஒண்ணும் இல்ல டீச்சர். போலீஸ் அடிச்சப்பவும், பள்ளிக்கூடம் வெரட்டினப்பவும் எங்களுக்கு நீங்க உண்டுன்னு நெனச்சோம். பரீட்சைக்குன்னு சொல்லி நீங்களும் எங்கள ஊர்வலத்துக்குத்தான் கூட்டிட்டுப் போனிய.”