கன்னிக்கு வைத்த மாங்காய்

இடைநிலைப்பள்ளியில் வரலாறு சொல்லிக்கொடுத்தவன் நான். வானவர்களைப் பற்றிக் கேட்காத வகுப்பு எனக்கு வாய்த்ததே இல்லை. மலாய்ப் பிள்ளைகள் ஒளியால் ஆனவர்கள் என்பார்கள். தேவாலயம் போகும் பிள்ளைகள் வெள்ளைச் சிறகு என்பார்கள். எஸ்டேட்டுப் பிள்ளைகள், கன்னிமார் ஏழு பேர் வானத்திலிருந்து ஆற்றுக்குக் குளிக்க இறங்கிய கதையை எடுத்துவிடுவார்கள். கடைசியில் எல்லாரும் என் முகத்தைப் பார்ப்பார்கள்.

நம்புவது உங்கள் வீட்டு விஷயம் என்று முதலில் ஒதுங்கிக்கொள்வேன். பிறகு வாய் சும்மா இருக்காது. பழங்காலத்து அரசர்கள் சிலர் அரண்மனை வாசலில் சிறகு வைத்த காவல் சிலைகளை நிறுத்தியிருந்தார்கள். அதைப் பார்த்தவன் ஊருக்குப் போய் என்னவெல்லாம் அளந்திருப்பான்? எங்கிருந்தோ ஒரு சேதி கொண்டுவந்து சொல்லிவிட்டு, பேர்கூடச் சொல்லாமல் போன ஓட்டக்காரனை அந்த ஊர் எப்படி நினைவில் வைத்திருக்கும்? கதைக்குப் பின்னால் பசியும் கோபமும் உள்ள ஒரு ஆள் இருந்திருக்கலாம் என்பேன். இருந்திருக்கலாம் என்பதை மட்டும் அழுத்திச் சொல்வேன்.

இதையெல்லாம் வீட்டில் கேட்டுக் கேட்டு வளர்ந்தவள் என் ஒரே மகள். சின்ன வயதில் ஒரு நாள் சாப்பாட்டுத் தட்டோடு வந்து நின்றாள்.

"அப்பா, முதுகுல ரெக்க இருந்தா சட்ட எப்படிப் போடும்?"

"வாய மூடிட்டுச் சாப்பிடு" என்றேன்.

அவள் எப்போது வாயை மூடினாள்? சரியான வாயாடி. பள்ளிக் காற்பந்து அணியில் ஆடுவாள். முட்டி எப்போதும் தோல் உரிந்து கிடக்கும். தீபாவளிக்குப் பாவாடை கட்டச் சொன்னால் வீடு இரண்டாகும். புளிப்பு மாங்காயை, பழமும் காயும் நறுக்கி விற்கும் ரோஜாக் கடையின் இனிப்புக் கறுப்புக் குழம்பில் புரட்டி, அது போதாதென்று மிளகாய்த்தூளும் தூவி, கண்ணில் நீர் வழியத் தின்பாள். எனக்கு ஒரு துண்டு கேட்டால் தரமாட்டாள்.

பதினேழு வயதில் டிங்கி காய்ச்சல் அவளைக் கொண்டுபோய்விட்டது. அதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்குத் தெம்பு இல்லை.

காரியம் முடிந்த கையோடு, செமிலிங் பக்கத்து எஸ்டேட்டில் இருக்கும் என் மனைவியின் அக்கா ஒரு தகரப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார்.

"கன்னிப் பொண்ணு தம்பி. துணி வச்சுக் கும்பிடணும். இல்லன்னா அது எங்க போகும்லா?"

கல்யாணம் ஆகாமல் போன பெண்ணை எங்கள் ஆட்கள் வீட்டுத் தெய்வமாக்கிவிடுவார்கள். ஆடி மாதத்து வெள்ளியில் பெட்டிக்குள் புதுப் பாவாடையும் தாவணியும் வளையலும் வைத்துப் படைப்பார்கள். அடுத்த ஆடியில் அதை எடுத்து, வீட்டுப் பெண்பிள்ளை ஒருத்திக்குக் கொடுத்துவிட்டு வேறு புதுசு வைப்பார்கள். பெட்டி சாமி மேடைக்குக் கீழே இடம் பிடித்துக்கொண்டது.

மறு வருடமே மனைவியின் அக்கா மகளுக்குத் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. கன்னி கொடுத்தது என்றார்கள். அடுத்து பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்தார்கள். அப்புறம் ஜித்ராவிலிருந்து குழந்தை வரம் கேட்டு ஒரு பெண் வந்தாள். மஞ்சள் பாவாடை கட்டி, சிரித்தபடி கன்னி அவள் கனவில் வந்ததாம். "எவ்ளோ அமைதியான முகம் சார்" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அமைதியா? என் மகளா? காலமெல்லாம் வகுப்பில் அளந்த விஷயம் என் கூடத்திலேயே நடந்துகொண்டிருந்தது. முட்டி உரிந்தவளை, எனக்கு ஒரு துண்டு மாங்காய் தராதவளை, ஆளுக்குக் கொஞ்சமாக அழித்துக்கொண்டிருந்தார்கள்.

போன ஆடியில் படையலுக்கு முன்னால், அவளுடைய நீல ஜெர்சியைப் பெட்டிக்குள் வைத்தேன். மனைவி பார்த்துவிட்டாள்.

"என்னாங்க இது? சாமிக்கு உடுத்துன துணிய வைக்கக்கூடாது, எடுங்க."

"சாமியா? அவ என் மக!"

என்ன சத்தம் போட்டேன் என்று எனக்கே தெரியவில்லை. மனைவி ஜெர்சியை எடுத்து மடித்தாள், பிரித்தாள், மறுபடியும் மடித்தாள்.

"எனக்கு மட்டும் தெரியாதாங்க? மகளா நெனச்சா அவ செத்துட்டா. ஆஸ்பத்திரிக் கட்டில்ல கெடக்குறதுதான் கண்ணுல நிக்கிது. சாமியா நெனச்சாதான் அவ இங்க, வீட்டுல இருக்கா. அதையும் புடுங்கிடாதீங்க."

ஜெர்சியை வாங்கிக்கொண்டுபோய் என் அலமாரியில் வைத்தேன்.

இந்த ஆடிக்கு முன்னால் ஜித்ராப் பெண் மறுபடியும் வந்தாள், இடுப்பில் குழந்தையோடு. பெட்டிக்கு முன்னால் குழந்தையைக் கிடத்திக் கும்பிட்டுவிட்டு எழுந்தாள்.

"சார், இந்த வாட்டி படையலுக்கு நான் என்னா கொண்டாரட்டும்? மஞ்சப் பாவாட எடுக்கட்டுமா?"

மனைவி என்னைப் பார்த்தாள். நான் மறுபடியும் சண்டைக்கு நிற்பேனோ என்று பயந்திருக்க வேண்டும்.

"பாவாட வேணாம்மா. புளிப்பு மாங்கா கொண்டாங்க. ரோஜாக் கொழம்பு நல்லா ஊத்தி."

அந்தப் பெண் ஏன் என்று கேட்கவில்லை. சாமிக்குப் பிடித்தது என்று பயபக்தியோடு தலையாட்டிக்கொண்டாள். இனி அவள் நாலு பேரிடம் சொல்வாள். நாங்கள் இருவரும் போன பிறகும் யாராவது இந்தப் பெட்டிக்கு முன்னால் மாங்காய் வைப்பார்கள். எதற்கென்று அவர்களுக்குத் தெரியப்போவதில்லை.

குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவள் வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டினாள். என் மனைவி பின்னாலேயே ஓடினாள்.

"மொளகாத்தூளும் போடச் சொல்லும்மா" என்றாள். "அது இல்லன்னா அவ தொடமாட்டா."