முடக்கில் உறுமிய வண்டி

அந்த மோட்டார் சைக்கிளை யாழ்ப்பாணப் பட்டணத்தில் ஒரு கராச்சில் வாங்கினேன். முன்பு யாருடையது என்று கேட்கவில்லை. விவசாயப் போதனாசிரியராக அப்போதுதான் வலிகாமத்துக்கு மாற்றம் கிடைத்திருந்தது. பகலெல்லாம் பண்டத்தரிப்புப் பக்கத்துப் புகையிலைத் தோட்டங்களில் திரிந்துவிட்டு, மாலையில் உரும்பிராயில் வாடகைக்கு எடுத்திருந்த வீட்டுக்குத் திரும்ப வேண்டும். சைக்கிள் மிதித்துக் கால்கள் சலித்துப்போயிருந்தன. ஓடுகிற வண்டி என்றால் போதும் என்றிருந்தேன்.

அதன் ஹாண்டில் வழக்கத்தைவிட உயரமாகவும் அகலமாகவும் இருந்தது. வேறொரு வண்டியிலிருந்து கழற்றிப் பூட்டியது என்று பார்த்தவுடனே தெரிந்தது. முதுகை வளைக்காமல் நிமிர்ந்திருந்து ஓடலாம் என்பதால் எனக்கு அது பிடித்துக்கொண்டது.

என் வீட்டுக்குப் போகும் குறுக்குவழி ஒடுங்கிய ஓர் ஒழுங்கை. இரண்டு பக்கமும் கிடுகு வேலி. நடுவில் சட்டென்று மடங்கும் ஒரு முடக்கு. அந்த இடத்தில் வேகத்தைக் குறைத்து, ஹாண்டிலை முடிந்தமட்டும் வலப்பக்கம் வெட்டினால்தான் வேலியில் முட்டாமல் திரும்பலாம். வாங்கிய அன்று மாலையே அந்த முடக்கில் என்ஜின் திடீரென்று உறுமியது. உறுமியும் வண்டி முன்னே பாயவில்லை. யாரோ பின்னாலிருந்து பிடித்துக்கொண்டது போலத் தளர்ந்தது. கிளச்சுப் பிடியை அமத்தினால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. ஆனால் என் விரல்கள் பிடியில் இல்லை. குனிந்து பார்த்தேன். பிடி அசையாமல் இருந்த இடத்திலேயே இருந்தது. ஹாண்டில் நேரானதும் சத்தம் அடங்கி, வண்டி வழமை போல ஓடியது.

மறுநாளும் அப்படித்தான். அதற்கடுத்த நாளும். தார் ரோட்டில் எத்தனை வளைவு வந்தாலும் ஒன்றும் செய்யாத வண்டி, அந்த முடக்கில் மட்டும் உறுமித் தளர்ந்தது. எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை இல்லை. ஆனாலும் அந்த இடம் நெருங்க நெருங்க என் இடது கை குளிர்ந்துவிடும். என் கைக்கு அடியில் இன்னொரு கை அதே பிடியைப் பிடித்திருக்கிறது என்று தோன்றும்.

அதைவிட என்னைக் கலக்கியது முடக்கை அடுத்திருந்த வீட்டின் வாசற்படலை. வண்டி உறுமியதும் வளவுக்குள்ளிருந்து ஒரு சின்னப் பெண்பிள்ளை ஓடிவரும். நாலு வயது இருக்கலாம். படலைத் தடிகளைப் பிடித்துக்கொண்டு என் முகத்தைப் பார்க்கும். முகத்தில் இருந்த வெளிச்சம் மெல்ல மெல்ல அணைந்துபோகும். பிறகு திரும்பிப் போய்விடும். ஒருநாள் கையசைத்துப் பார்த்தேன். அது பதிலுக்கு அசைக்கவில்லை. மறுநாள் மறுபடியும் அதே ஓட்டத்தோடு வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அந்த வீட்டுப் பெரியவர் என்னைத் தேடி வந்தார். இருக்கச் சொல்லியும் இருக்கவில்லை.

"தம்பி, குறை நினைக்கப்படாது. நீங்கள் ஓடுற மோட்டச் சைக்கிள் என்ரை மருமோன்ரை."

நான் முற்றத்தில் நின்ற வண்டியைத் திரும்பிப் பார்த்தேன்.

"காங்கேசன்துறைக் கந்தோரிலை கிளாக்கரா இருந்தவர். நெருப்புக் காய்ச்சல் வந்து செத்துப்போனார். பிள்ளைக்கு நாங்கள் இன்னும் சொல்லேல்லை. அப்பா துறையிலை வேலையா நிக்கிறார் எண்டு சொல்லி வைச்சிருக்கிறம். முடக்கிலை உது சத்தம் போட்டால் அப்பா வாறார் எண்டு அதுக்குத் தெரியும். அவர் இருக்கேக்கையும் உப்பிடித்தான் கத்தும்."

"என்னைப் பாத்தாப் பிறகு என்ன சொல்லுறவள்?"

பெரியவர் சொன்னார்: "அப்பா இண்டைக்கும் வேறை ஆளா வந்திட்டுப் போட்டார் எண்டு சொல்லுது."

பிள்ளையின் தாயான தன் மகள் கேட்டனுப்பியதாகச் சொன்னார். வேறு வழியால் போக முடியுமா என்று. ஓம் என்றேன். அடுத்த நாளிலிருந்து பெரிய ரோட்டால் சுற்றிப் போனேன். தூரம் கூடுதல்தான். ஆனால் மனம் ஆறும் என்று நினைத்தேன். ஆறவில்லை. அந்த நேரத்துக்கு அந்தப் படலையில் யாரும் நிற்பார்களா என்பதே யோசனையாக இருந்தது.

ஒரு கிழமை போகவில்லை, பெரியவர் திரும்ப வந்தார். இம்முறை இருந்தார்.

"நீங்கள் வராதது அதைவிட மோசமாப் போச்சு தம்பி. பிள்ளை பொழுதுபட்ட பிறகும் படலையை விட்டு வருதில்லை. சாப்பிடுதில்லை. அப்பா கோவிச்சிட்டார் எண்டு அழுது. நீங்கள் ஒழுங்கையாலையே வாங்கோ. ஆனா அந்தச் சத்தம் இல்லாமல் வாங்கோ. ஆரோ ஒராள் போறார் எண்டு அது பாத்துப் பழகட்டும்."

கராச்சுக்கு வண்டியைக் கொண்டுபோனேன். கராச்சுக்காரர் வண்டியை ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு, ஹாண்டிலை மெல்ல வலப்பக்கம் திருப்பச் சொன்னார். கியர்ப் பெட்டியில் கிளச்சின் சிறு கைக்கட்டையைக் காட்டினார். நான் திருப்பத் திருப்ப அது தானாகவே இழுபட்டது. நேராக்கினால் இறங்கியது. பேய் என்று நான் பயந்தது அவ்வளவுதான். ஹாண்டிலை உயர்த்தியவர் கேபிளை மாற்றாமல் பழையதையே விட்டிருக்கிறார். நேரே போகும்போது நீளம் மட்டுமட்டாகப் போதும். முழுக்கத் திருப்பினால் இடப்பக்கப் பிடி முன்னுக்குப் போய்க் கம்பியை இழுத்துவிடும். முன்சில்லுப் பிறேக்கின் கேபிளும் அப்படித்தான். சில்லு பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் பிறேக் இலேசாகப் பிடித்துக்கொண்டிருந்தது. ரோட்டின் குற்றம் என்று நான் இருந்துவிட்டேன்.

"உயரம் குறைஞ்ச ஹாண்டிலைப் போட்டால் வேலை முடிஞ்சுது" என்றார் கராச்சுக்காரர்.

"பழைய ஹாண்டில் இருக்கோ?"

"அதை ஆர் கண்டது?"

ஆகவே கேபிள்களையே மாற்றினோம். பழைய கிளச்சுக் கேபிள் இடப்பக்கமாக, சட்டத்தோடு இறுக்கிக் கட்டப்பட்டிருந்தது. கட்டுக்கம்பியை நான் வெட்டினேன். புதியதை நீளமாக எடுத்து, நுனியில் ஈயம் பற்றவைத்து, வண்டியின் கழுத்துக்கு முன்னால் சுற்றி வலப்பக்கமாகப் பெற்றோல் தாங்கிக்கு அடியால் கொண்டுபோனோம். ஹாண்டிலை இரண்டு பக்கமும் முட்டத் திருப்பி, எங்கும் நெரிபடுகிறதா என்று பார்த்தோம். பிறேக் கேபிளை முன்சில்லுக்கு மேலே வில் போலத் தளர விட்டோம். கடைசியில் என்ஜினை ஓடவிட்டு, ஹாண்டிலை வலப்பக்கம் முழுதாக வெட்டினேன். சத்தம் மாறவேயில்லை. எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. நிலத்தில் சுருண்டு கிடந்த பழைய கம்பியைப் பார்த்தபோது, வீட்டுக்கு வந்துகொண்டிருந்த ஒருவனை வழியிலேயே மறித்துத் திருப்பி அனுப்பியது போல இருந்தது.

அன்று மாலை ஒழுங்கையால் வந்தேன். முடக்கில் வண்டி வாயைத் திறக்காமல் திரும்பியது. பிள்ளை படலையில்தான் நின்றது. என்னைப் பார்த்தது, பிறகு நான் வந்த திசையைப் பார்த்தது. அடுத்தடுத்த நாட்களில் அது படலைக்கு வருவது குறைந்தது. மழை தொடங்கிய பிறகு வரவேயில்லை.

ஆனால் வேறொருவர் நின்றார். வேலியில் கிடுகு விலகிய இடத்தில் ஒரு வெள்ளைச் சேலை தெரியும். நான் கிட்ட வந்ததும் மறைந்துவிடும். முதலில் தற்செயல் என்று நினைத்தேன். பிறகு அப்படி நினைக்க முடியவில்லை.

ஒரு பின்னேரம் பெரியவர் படலையில் மறித்து, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகச் சொன்னார். விறாந்தையில் இருந்தோம். பிள்ளை முற்றத்தில் ஓடியாடிக்கொண்டிருந்தது. மகள் கதவுக்குப் பின்னால் நின்றபடி பேசினா.

"பிள்ளை பழகிட்டுது அண்ணை. உங்களுக்குப் புண்ணியம்." பிறகு குரல் தாழ்ந்தது. "எனக்குத்தான் ஏலாமல் கிடக்கு. முந்திச் சத்தம் கேட்டாப் பிறகுதான் தேத்தண்ணிக்குத் தண்ணி வைக்கிறனான். இப்ப எப்ப வைக்கிறதெண்டு தெரியேல்லை. வைச்சிட்டு நிக்கிறன், கொதிச்சு வத்திப் போகுது."

"வேணுமெண்டால் பழையபடி பூட்டுவிக்கலாம்" என்றேன். அப்படிச் சொன்னது சரியா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"வேண்டாம்" என்றா உடனே. பிறகு, "அந்த ஹாண்டில் பிள்ளைக்காகத்தான் அவர் உயர்த்தினவர். தாங்கிக்கு மேலை அவளை இருத்தினால், அவர் குனியேக்கை நாடியிலை அவளின்ரை தலை முட்டுதெண்டு. இரண்டு கைக்கும் நடுவிலை வைச்சுக்கொண்டு ஒழுங்கை முழுக்க ஓடுவார்."

பெரியவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கதவுக்குப் பின்னாலிருந்து குரல் மறுபடியும் வந்தது. "ஒருக்கா அவளை முன்னுக்கு வைச்சு ஒழுங்கை முடியிற மட்டும் கொண்டு போவியளோ? இது இப்ப வேறை ஆளின்ரை வண்டி எண்டு அவளுக்கு விளங்கினால், மிச்சத்தை நான் சொல்லுவன்."

பிள்ளையைத் தாங்கியின் மேல் இருத்தினேன். கால்களை எங்கே வைப்பதென்று அதற்கு நான் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. தலை என் நாடிக்குக் கீழே அளவாக நின்றது. வளவிலிருந்து புறப்பட்டு ஒழுங்கையின் கடைசிவரை போய்த் திருப்பிக்கொண்டு வந்தோம். முடக்கு வந்தது. ஹாண்டிலை வெட்டினேன். வண்டி சத்தமில்லாமல் திரும்பியது. பிள்ளை தன் வாயால் உறுமியது. தொடக்கத்தில் மெல்லமாக, பிறகு உயர்ந்து, ஹாண்டில் நேராகும்போது அடங்கி. அச்சொட்டாக அதே சத்தம்.

படலையில் நிறுத்தியதும் கேட்டது: "மாமா, இது உங்கடை வண்டியோ?"

"ஓம் பிள்ளை."

"அப்ப அப்பா எதிலை வருவார்?"

நான் அதை இறக்கித் தாயிடம் விட்டேன். கதவுக்குப் பின்னால் நின்றவ முதல் முறையாக முற்றத்துக்கு வந்திருந்தா. பிள்ளையின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனா.

மறுநாள் பெரியவரைச் சந்தியில் கண்டேன். தாய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டா என்றார்.

"பிள்ளை அழுததோ?"

"இல்லை. காய்ச்சல் அப்பாக்கு நொந்ததோ எண்டு கேட்டுதாம். தாய்தான் அழுதவள். நல்லா அழுதவள். அவர் செத்த அண்டைக்குக்கூட அப்பிடி அழேல்லை."

வேலியின் விலகலில் வெள்ளைச் சேலையை நான் பிறகு காணவில்லை. அந்த இடத்தில் புதுக்கிடுகு கட்டியிருந்தார்கள்.

இரண்டாம் உலக யுத்தம் வந்து பெற்றோலுக்குப் பங்கீடு வந்தபோது வண்டியை விற்றுவிட்டுப் பழையபடி சைக்கிளுக்கு வந்தேன். அந்தப் பிள்ளை அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தது. சில வேளை சிலேட்டும் கையுமாக ஒழுங்கையில் எதிரே வரும். வேலியோரமாக ஒதுங்கி எனக்கு வழிவிடும். தெரிந்த ஆள் என்று முகத்தில் காட்டாது. நானும் மணியடிக்காமல் கடந்து போவேன்.