தங்கதுரை விற்ற டீசல் பம்பு

என் வீட்டுக்காரரைப் போலப் பயந்த மனிதரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. பெயர் தங்கதுரை. திருச்செந்தூர்ப் பக்கத்து ஆத்தூரில், மெயின் ரோட்டில் பழைய டிராக்டர்களுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் விற்கிற கடை எங்களுடையது. இடி இடித்தால் மெயினை ஆஃப் செய்துவிட்டு இருட்டில் உட்கார்ந்திருப்பார். தெருநாய் ஒன்று நிமிர்ந்து பார்த்தால் அடுத்த தெரு வழியாகச் சுற்றிப் போவார். ஸ்கூட்டர் ஓட்டவும் பயம் என்பதால் எங்கே போனாலும் நான்தான் ஓட்ட வேண்டும். பின்னால் உட்கார்ந்துகொண்டு, "ஏளா ப்ரியா, மெதுவாப் போ" என்று சொல்லிக்கொண்டே வருவார். சைக்கிள்காரன் எங்களை முந்திப் போகும்போதும் சொல்லுவார்.

இப்படிப்பட்டவர் டூப்ளிகேட் சாமான் விற்கலாமா என்று நீங்கள் கேட்கலாம். விற்காமல் எப்படி முடியும்? எங்கள் பக்கத்தில் ஓடுகிற வண்டிகளில் பாதிக்குக் கம்பெனி சாமான் வருவதே நின்றுபோய்விட்டது. அத்திபூத்தாற்போல் வந்தாலும், விலையைக் கேட்டவர்கள் நாற்காலியைத் தேடி உட்கார்ந்துவிடுகிறார்கள். அதனால் வாஷர், பெல்ட், ஃபில்டர் எல்லாம் டூப்ளிகேட்தான் போகும். அவற்றை விற்பதில் இவருக்குக் கஷ்டமில்லை. டீசல் பம்பு விற்கும்போதுதான் முகம் வெளுத்துவிடும்.

பைக்குக்குக் கார்புரேட்டர் எப்படியோ அப்படி டிராக்டருக்கு டீசல் பம்பு. இன்ஜினுக்கு எவ்வளவு எண்ணெய் போக வேண்டும் என்று அளந்து அனுப்புவது அதுதான். அதன் பக்க மூடிக்குள் ஒரு கம்பி முன்னும் பின்னும் நகரும். அந்தக் கம்பி நகராமல் இறுகிக்கொண்டால் எண்ணெய் அதுபாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும், சாவியைத் திருப்பினாலும், நிறுத்துவதற்கென்று இருக்கிற ஸ்டாப் கம்பியை இழுத்தாலும் வண்டி நிற்காது. சின்ன வயதில் ஸ்ரீவைகுண்டத்தில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தபோது அப்படி ஒன்றை இவர் கண்ணால் பார்த்திருக்கிறார். இன்ஜின் கத்திக் கத்திக் கடைசியில் வெடித்து, ஒரு இரும்புத் துண்டு தகரக் கூரையைப் பிய்த்துக்கொண்டு போயிருக்கிறது. மறுநாளிலிருந்து இவர் ஸ்பேனரைத் தொடவில்லை. கடை வைத்தது அந்தப் பயத்தில்தான்.

இந்த வருஷம் காற்றுக் காலம் தொடங்குகிற சமயத்தில் ஜேசுபாதம் கடைக்கு வந்தார். திருச்செந்தூருக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊர்க்காரர். அங்கே படகுகளைக் கரைக்கு இழுத்து ஏற்றுவது அவருடைய பழைய டிராக்டர்தான். பம்பு போய்விட்டது, அந்த மாடலுக்குக் கம்பெனி பம்பு எங்கேயும் இல்லை.

"அண்ணாச்சி, இத நம்பி வாங்கலாமா? ஒளிக்காமச் சொல்லுங்க" என்றார், டூப்ளிகேட் பம்பைக் கையில் வைத்துக்கொண்டு.

"வயல்ல ஓடுத வண்டின்னா வாங்கும்னு சொல்லிருவேன். நீரு கடக்கரையில ஓட்டுதீரு. உப்புக்காத்து. உள்ள என்ன இரும்பு போட்டிருக்கானோ, நான் என்னத்தக் கண்டேன். பழசையே ரிப்பேர் பண்ணிப் போடும்வே."

"பழசுல இனி ஒண்ணுமில்ல அண்ணாச்சி. ஊரு வள்ளம் பூரா என் வண்டிய நம்பித்தான் கெடக்கு."

வாங்கிக்கொண்டு போய்விட்டார். அன்றைக்கே இவருக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாளிலிருந்து போன். காலையில் கடை திறந்ததும் முதல் வேலை அதுதான். ஜேசுபாதம் வண்டியில் இருப்பார், அவர் மனைவி பிளாரன்ஸ்தான் போனை எடுக்கும்.

"துரு கிரு பிடிக்கான்னு பாருங்கம்மா. துருப்பிடிச்சா கம்பி இறுகிரும். இறுகிச்சுன்னா வண்டி நிக்காது. ஆளையே கொன்னுரும், பாத்துக்கிடுங்க."

"கட்டிக்குடுத்த பொண்ணுக்குக்கூட ஒருத்தரும் இப்படிப் போன் போட மாட்டாங்க" என்று நான் கேலி செய்வேன். இவர் சிரிக்க மாட்டார். அந்தப் பக்கம் பிளாரன்ஸும் சிரித்திருக்காது என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

ஒரு நாள் மத்தியானம் ஜேசுபாதமே கூப்பிட்டார். காற்றுச் சத்தத்துக்கு நடுவே அவர் குரல் பாதிதான் கேட்டது.

"அண்ணாச்சி, நேத்துலேருந்து ஸ்டாப் கம்பிய இழுத்தா வண்டி ஒடனே நிக்க மாட்டேங்கு. ஆக்சிலேட்டரும் போன எடத்துலேயே நின்னுக்கிடுது."

இவர் கையிலிருந்த டீ கிளாஸ் மேஜையில் கவிழ்ந்தது. "வண்டிய எடுக்காதீரும். நான் வாரேன். தொடாதீரும்."

"கடல் ஏறிட்டு வருது. வள்ளத்த மேல ஏத்தணும்லா" என்றார் அவர். லைன் அறுந்துவிட்டது. திரும்பப் போட்டால் மணி அடிக்கிறது, எடுக்க ஆளில்லை.

ஷட்டரைப் பாதி இழுத்துவிட்டுக் கிளம்பினோம். காயல்பட்டினம் தாண்டும்வரை "சீக்கிரம் போ" என்பதும் "மெதுவாப் போ" என்பதும் மாறி மாறி என் முதுகில் விழுந்துகொண்டிருந்தன. வேறு நாளாக இருந்தால் வண்டியை ஓரமாக நிறுத்திச் சண்டை போட்டிருப்பேன். அன்றைக்கு இவர் என் தோளைப் பிடித்திருந்த பிடியில் எனக்கும் பயம் தொற்றிக்கொண்டது. யாரிடம் சொல்லுகிறோம் என்றே தெரியாமல் பேசிக்கொண்டு வந்தார். "சாவியால முடியாது. காத்து போற வாய அடைக்கணும். காத்து இல்லன்னா இன்ஜின் செத்துரும். துணிய வைக்கப்படாது, உள்ள உறிஞ்சிரும். பலகைய வைக்கணும். கனமான பலகை."

கடற்கரைக்குப் போகிற சந்தில் திரும்புவதற்கு முன்பே சத்தம் கேட்டது. டிராக்டர் சத்தம் எனக்குத் தெரியாததா? இது அந்தச் சத்தமே இல்லை. வாயைக் கட்டிப்போட்ட மாடு கத்துவதுபோல் ஒரே மூச்சில் ஏறிக்கொண்டே போனது. இவர் என் தோளை விட்டுவிட்டார்.

மணலில் கரும்புகை. படகு பாதி மேட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் மூக்கிலிருந்து வடம் விறைப்பாக டிராக்டருக்குப் போனது. படகைத் தாங்கிப் பிடித்திருந்த ஆட்கள் விலகினால் அது சரியும், டிராக்டரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். ஜேசுபாதம் சீட்டில் எழுந்து நின்று இரண்டு காலாலும் பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தார். கியரை எடுத்துவிட்டிருக்கிறார், வண்டி ஓடவில்லை. ஆனால் இன்ஜின் நிற்கவில்லை. ஸ்டாப் கம்பி அறுந்து அவர் கையோடு வந்திருந்தது. இறங்கி ஓடினால் பின்னால் நிற்கிறவர்கள் நசுங்குவார்கள். இறங்காவிட்டால் அந்த இரும்பு அவர் முழங்காலுக்கு முன்னால் வெடிக்கும். பிளாரன்ஸ் மணலில் மண்டியிட்டு, "மாதாவே, மாதாவே" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தது.

நான் திரும்பி இவரைப் பார்த்தேன். ஸ்கூட்டர் பக்கத்திலேயே நின்றார். கால் எழவில்லை. உதடு மட்டும் அசைந்தது. "பலகை."

மீன் வெட்டுகிற பெண்கள் போட்டுவிட்டு ஓடிய பலகை ஒன்று மணலில் கிடந்தது. எடுத்துக்கொண்டு ஓடினேன். தைரியம் என்று யாரும் நினைக்க வேண்டாம். திரும்பி ஓடிவிடலாம் என்றுதான் ஒவ்வொரு எட்டிலும் தோன்றியது. பானெட் பக்கத்தில் காற்றுக் குழாய் நிமிர்ந்து நின்றது. அதன் மூடி என்றைக்கோ போய், மணல் விழாமலிருக்க வலைத்துண்டைக் கட்டியிருந்தார்கள். அதைப் பிய்த்தேன். பலகையை வைத்து இரண்டு கையாலும் அமுக்கினேன். பலகையை உள்ளே இருந்து யாரோ பிடித்து இழுப்பதுபோல் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டேன். இன்ஜின் இருமியது, குலுங்கியது, இன்னொரு முறை இருமிவிட்டு நின்றுபோனது.

அதற்குப் பிறகுதான் கடல் சத்தம் கேட்டது. கரையில் நின்ற மற்ற ஆட்கள் ஓடிவந்து டிராக்டர் சக்கரத்துக்குப் பின்னால் கட்டைகளைக் கொடுத்தார்கள். ஜேசுபாதம் இறங்கி மணலில் உட்கார்ந்தார். அறுந்த ஸ்டாப் கம்பி இன்னும் அவர் கையில்தான் இருந்தது.

அந்தப் படகு பெவின் என்கிற பையனுடையது. நேராக இவரிடம் போய்ச் சட்டையைப் பிடித்தான். "டூப்ளிகேட்ட வித்து ஆளக் கொல்லப் பாத்தியாவே?"

"சட்டைய விடுலே. வேண்டாம்னு சொன்னாரு, நாந்தான் வாங்குனேன்" என்றார் ஜேசுபாதம் உட்கார்ந்தபடியே. பெவின் விட்டானே தவிர நகரவில்லை.

இவர் டிராக்டர் பக்கம் வந்தார். இவர் கையில் ஸ்பேனரை அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்த்தேன். பம்பின் பக்க மூடியைக் கழற்றினார். கம்பியையும் லீவரையும் சுற்றித் தேன் நிறத்தில் தோலாகக் காய்ந்த ஒன்று அப்பியிருந்தது, மணலும் சேர்ந்து. நகத்தால் சுரண்டி மோந்து பார்த்தார். எனக்கும் வாடை வந்தது. மீனெண்ணெய். அந்தக் கரையில் நங்கூரத்திலிருந்து கொக்கி வரை எல்லா இரும்புக்கும் தடவுவது அதைத்தான்.

பிளாரன்ஸ் பக்கத்தில் வந்து நின்றது. "நாந்தான் அண்ணாச்சி தடவுனேன். அதத் தடவுனா துரு அண்டாது. நீங்க நித்தமும் போன் போட்டுத் துரு துருன்னு சொன்னீங்கல்லா, எனக்குப் பயம் பிடிச்சுக்கிட்டு. மூடியக் கழத்திக் காலையும் சாயந்தரமும் தடவுனேன்." பிறகு இவர் முகத்தைப் பார்த்தது. "தப்பா செஞ்சுட்டேனா, அண்ணாச்சி?"

மீனெண்ணெய் காய்ந்தால் பசையாகிவிடும். எந்தப் பம்பும் தாங்காது. கம்பெனி பம்பாக இருந்தாலும் இதேபோல் இறுகித்தான் போயிருக்கும். கடையில் உட்கார்ந்து உட்கார்ந்து இது எனக்கே தெரியும். இவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், பழி இவரை விட்டுப் போய்விடும். சொல்லுவார் என்றுதான் நினைத்தேன். பெவின் அவ்வளவு பக்கத்தில் நிற்கிறான், இவர் எந்தச் சண்டையிலும் நின்றவர் இல்லை.

"எண்ணெய்யில ஒண்ணுமில்லம்மா" என்றார். "நல்ல பம்புன்னா தாங்கியிருக்கும். இது டூப்ளிகேட்டு. நான் வித்திருக்கக் கூடாது. இனிமே இதுக்குள்ள எதையும் தடவாண்டாம், என்ன? நான் கொண்டுபோய்க் கழுவிச் சரிபண்ணிக் கொண்டாரேன்."

பெவின் பிடித்துத் தள்ளினான். இவர் டிராக்டர் சக்கரத்தில் மோதிக்கொண்டு நின்றார். சொன்னதை மாற்றவில்லை. பிளாரன்ஸ் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஜேசுபாதத்துக்குத் தண்ணீர் கொண்டுவரப் போனது.

பம்பைக் கழற்றிச் சாக்கில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தார். ஊரைத் தாண்டினோம். உப்பளம் ஆரம்பித்தது.

"ஏங்க, ஏன் அப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டேன்.

சாக்கை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு சொன்னார், "பம்பு என்ன செஞ்சுது ப்ரியா? நல்லாத்தான் ஓடிச்சு. அந்தப் பிள்ளைக்குப் பயத்தக் குடுத்தது நாந்தான."

எதிரே உப்பு லாரி ஒன்று வந்தது. சாலை குறுகலான இடம். இவர் "மெதுவாப் போ" என்று சொல்லுவார் எனக் காத்திருந்தேன். சொல்லவில்லை. நானே வேகத்தைக் குறைத்துக்கொண்டேன்.