கட்டிலுக்கடியில் இருந்த வுழுத் தண்ணீர்

வயலில் மண்வெட்டி பட்டு என் மாப்பிள்ளையின், அதாவது என் கணவரின், கால் கிழிந்து, ஆஸ்பத்திரியில் வைத்துத் தைத்தார்கள். வக்து தவறாமல் தொழுகிறவர். தொழுமுன் கை, முகம் கழுவி வுழுச் செய்ய, கட்டிலுக்கடியில் மண்பானை முட்டியில் தண்ணீர் வைத்துச் சிரட்டையால் ஊற்றினேன். காயத்தோடு கிடந்த பக்கத்துக் கட்டில்காரருக்கும் நான்தான் ஊற்றினேன்.

சில நாளில் இவருக்குக் காய்ச்சல் அடித்தது. காயத்தில் கட்டிய சீலை பச்சையாகிவிட்டது. காலையே எடுத்துவிடுவார்களோ என்று பயந்தேன். ஆனாலும் ஒரு யோசனை. பச்சிலை கட்டவில்லையே, இந்த நிறம் எங்கிருந்து வந்தது? பார்த்தால் பக்கத்துக் கட்டில்காரரின் சீலையிலும் அதே பச்சை. மற்றவர்களுக்கு இல்லை.

மருந்து கட்டும் தாதி மிஸ்ஸியிடம் அதைச் சொல்லி, இரண்டு பேருக்கும் இந்த முட்டித் தண்ணீர்தான் என்றேன்.

"முட்டிக்குள்ள தடவிப் பாருங்க" என்றா.

உள்ளே வழுவழு என்றிருந்தது.

"தண்ணி தெளிவாத்தானே இருக்கு, மிஸ்ஸி?"

"ஓம், கிருமி கண்ணுக்குத் தெரியாது. முட்டியக் கழுவினீங்களா?"

எங்கே கழுவினேன்? குறையக் குறைய நிரப்பினேன். அந்தத் தண்ணீர்தான் சீலையை நனைத்திருக்கிறது.

மிஸ்ஸி முட்டியை அப்புறப்படுத்தி, என் கையைச் சவுக்காரம் போட்டுக் கழுவச் சொன்னா. இரண்டு பேரின் காயத்தையும் கழுவி வேறு மருந்து போட்டார்கள். அல்ஹம்துலில்லாஹ், கால் தப்பியது.

இப்போது வீட்டிலும் முட்டியைத் தினமும் கவிழ்த்துத் தேய்த்து வெயிலில் காயவைக்கிறேன். மருந்து கட்டுமுன் நான் சவுக்காரம் போடுவதைப் பார்த்து இவர் சிரிப்பார்: "வுழு எடுத்த கைதானே?"

"தொழ அது போதும். உங்கட காயத்தைத் தொடச் சவுக்காரமும் வேணும்."