இரண்டு மில்லிமீட்டர்

வெட்டுவதற்கு முன் அக்கா பிளாஸ்டிக் பிலிமைக் காதருகே கொண்டுபோய் ஒருமுறை உதறுவாள். தடிமன் என்றால் படபடக்கும், மெலிசு என்றால் சரசரக்கும். ரோலில் எழுதியிருப்பதை அவள் நம்புவதில்லை. கேட்ட பிறகுதான் கத்தியை எடுப்பாள்.

கரையில் நின்றபடி ரிமோட்டில் ஓட்டுகிற, ஒரு மீட்டர் நீளப் பந்தயப் படகுகளுக்குப் பாய் தைக்கிறாள். தைப்பது என்று பேச்சுக்குத்தான் சொல்கிறோம், ஊசியே கிடையாது. பாலியெஸ்டர் பிலிமைப் பட்டைகளாக வெட்டி, வளைவாகச் செதுக்கிய மரக்கட்டைமேல் வைத்து, இருபக்கமும் ஒட்டுகிற டேப்பால் இணைப்பாள். அந்த வளைவுதான் பாய்க்கு வயிறு. வயிறு சரியில்லாவிட்டால் காற்று நிற்காது.

"பொம்மைக்குச் சட்டை ரெடியா?" என்பார் அவள் கணவர், என் மாமா.

"ரெடி. உங்க வயித்துக்குத்தான் இன்னும் கட்டை கிடைக்கல."

ஒரு மழை மாதத்தில், பல் டாக்டர் ஒருவருக்குச் செய்த பாயை ஏரி கிளப்பில் பாய்களை அளப்பவர் மேஜையில் விரித்து எஃகு ஸ்கேலை வைத்தார்.

"அடிப்பக்கம் விதியைவிட ரெண்டு மில்லி கூட இருக்கும்மா. முத்திரை குத்த முடியாது."

முத்திரை இல்லாத பாயுடன் சனிக்கிழமைப் பந்தயத்தில் இறங்க முடியாது. அக்கா மறுநாளே இன்னொன்று செய்தாள். இந்த முறை நானும் கூடப் போனேன். மறுபடியும் ரெண்டு மில்லி.

"விடுங்கம்மா, பழசையே மாட்டிக்கறேன்" என்றார் டாக்டர்.

"மாட்டாதீங்க டாக்டர். சனிக்கிழமை காலைல புதுசு வரும்."

பஸ்ஸிலிருந்து இறங்கும்போது சொன்னாள்: "கை தப்பினா ஒரு தடவை ரெண்டு, அடுத்த தடவை ஒண்ணுன்னு வரும்டா. ரெண்டு தடவையும் அதே ரெண்டுன்னா தப்பு என் கைல இல்ல."

செருப்பைக்கூடக் கழற்றாமல் வீட்டுக்குள் போய், எதை வைத்து வெட்டுகிறாளோ அந்த அளவு அட்டைமேல் ஸ்கேலை வைத்தாள். பிலிமை ஈரம் ஒன்றும் செய்வதில்லை. அட்டை ஈரத்தைக் குடித்து நீண்டிருந்தது.

"அடுப்புல வாட்டு, சுருங்கிடும்" என்றார் மாமா.

"எவ்வளவு சுருங்குச்சுன்னு அடுப்பையா கேக்கறது?"

தன்னிடம் இருந்த பதின்மூன்று அளவு அட்டைகளையும் கிழித்துப் போட்டாள். பெயர்ப்பலகை செய்கிற கடையிலிருந்து அலுமினியத் தகடு வாங்கி வந்து, புது அளவுத் தகடாக இரண்டு நாள் அரத்தால் ராவினாள். இரண்டு விரல்களில் பிளாஸ்திரி. மூன்றாவது விரல் வெட்டுப்பட்டபோது கெட்ட வார்த்தை ஒன்று சொல்லிவிட்டு மறுபடி ராவினாள்.

சனிக்கிழமை காலை அளப்பவர் ஸ்கேலை வைத்தார். டாக்டரும் நானும் மேஜைமேல் குனிந்தோம். அக்கா ஸ்கேலைப் பார்க்காமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரியா இருக்கும்மா." முத்திரை விழுந்தது. டாக்டர் நான்காவதாக வந்தார்.

அந்த வாரம் அவள் செய்த இன்னொரு காரியம், மாதங்கள் கழித்து மாமா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதே அட்டையில் வெட்டிய நான்கு பாய்கள் வேறொரு கிளப்புக்குப் போயிருந்தன. அங்கே யாரும் அளந்தே பார்க்கவில்லை. அக்காவே நான்கு பேருக்கும் போன் செய்து, திரும்ப வாங்கி, புதிதாகச் செய்து அனுப்பியிருக்கிறாள். அதில் ஒருவர் அந்தப் பாயோடு கோப்பை வாங்கியவர். அவர் இப்போது அக்காவின் போனை எடுப்பதில்லையாம்.