அறுபத்தெட்டுப் படிகளும் ஒரு முழங்காலும்

போன வியாழக்கிழமைதான் கடைசித் தடவையாக என்னைத் தூக்கினார்கள். பதறாதீர்கள்... உயிரோடுதான் இருக்கிறேன்!

மகளின் பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியில் தாய்மாருக்கான ஓட்டம். சாரியை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடினேன். பின்னால் வருவது யார் என்று பார்க்கத் திரும்பினேன். 'டக்' என்று ஒரு சத்தம். முழங்கால் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.

ஸ்கேனில் பார்த்தால் தசைநார் அறுந்திருந்தது. எலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கும் சவ்வும் கிழிந்திருந்தது. ஒரே ஆபரேஷன், அறுந்ததற்குப் பதிலாக என் தொடையிலிருந்தே ஒரு நார், கிழிந்ததற்குத் தையல்.

"ஆறு வாரத்துக்கு இந்தக் காலை ஊன்றவே கூடாது. ஊன்றினால் தையல் விட்டுடும். அப்புறம் காலம் பூரா நொண்டணும்" என்றார் டாக்டர்.

சரிதான். ஆனால் என் வீடு கண்டியில் அல்லவா இருக்கிறது? ரோட்டிலிருந்து கீழே அறுபத்தெட்டுப் படிகள். மழை பெய்தால் பாசி வேறு.

த்ரீவீலர் வந்து நின்றபோது ரோட்டோரம் ஒரு பிளாஸ்டிக் கதிரை காத்திருந்தது. மேலே கடை வைத்திருக்கும் பஸீல் நானா, பக்கத்து வீட்டுப் பண்டா ஐயா, அவருடைய தம்பி, என் கணவர் - என்னை அதில் உட்காரவைத்து மூலைக்கு ஒருவராகத் தூக்கினார்கள். "ஹெமின், ஹெமின்" என்று எல்லோரையும் மெதுவாக இறங்கச் சொன்னபடியே வந்தார் பண்டா ஐயா. பாரம் குறையட்டும் என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

பிறகு வியாழன்தோறும் பிசியோதெரபி. நான் யாரையும் கூப்பிட்டதில்லை. முந்தின நாளே நானா கேட்டுவிடுவார், "நாளைக்கு எத்தன மணிக்கு டீச்சர்?" ஒரு மழை நாளில் பண்டா ஐயா வழுக்கி, முழங்கையைப் படியில் அடித்துக்கொண்டார். அப்போதும் கதிரையை விடவில்லை.

போன வியாழன் டாக்டர் சொன்னார், "தையல் நல்லா இருக்கு. இனி மெதுவா ஊன்றலாம்."

வீட்டு வாசலில் என்னை இறக்கி வைத்தார்கள். நன்றி சொல்ல வாயெடுத்தேன், அழுகைதான் வந்தது. "உங்களுக்கெல்லாம் நான் என்ன செய்யப்போறேன் நானா?"

"ஒண்டும் வாணாம். இந்த முற எங்களப் பத்தி நல்லதா எழுதுங்க."

திக்கென்றது. சில மாதங்களுக்கு முன் இதே பத்திரிகைப் பக்கத்தில்தான் எழுதியிருந்தேன் - எங்கள் படிக்கட்டுக்காரர்கள் 'எங்கே போறீங்க, எத்தனை மணிக்கு வருவீங்க' என்று கேட்டே உயிரை வாங்குகிறார்கள் என்று.

"அதை வாசிச்சீங்களா?"

"அண்டைக்கே வாசிச்ச தானே. பண்டாவுக்குச் சிங்களத்துல சொல்லிக் குடுத்ததும் நான்தான்."

பண்டா ஐயா முழங்கையைத் தடவிக்கொண்டே சிரித்தார். எல்லாம் தெரிந்துதான் ஆறு வாரமும் தூக்கியிருக்கிறார்கள். வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாக, இந்தப் படிகளில் குடியிருப்பது பெரும் பாக்கியமாகத் தோன்றியது.

இப்போது ஊன்றுகோலோடு ஒவ்வொரு படியாக ஏறுகிறேன். எங்கே போகிறேன் என்று கேட்பவர்களுக்கெல்லாம் நின்று நிதானமாக முழு விவரமும் சொல்கிறேன்... கேட்காதவர்களுக்கும்!