பத்துப் படிவமும் ஒரு மூடிக் கஞ்சியும்

மாட்டுங்கா விடுதியிலிருந்து மதியம் இரண்டு மணிக்குக் கிளம்பினேன். சென்னையிலிருந்து வந்து மூன்று நாளாகிறது. இலவச உணவு கொடுக்கும் இடங்களைப் பற்றிப் பல நாடுகளில் நடக்கும் ஆய்வு இது. மாணவர்களை ஒரு நாள் சோதித்துப் பார்த்துத்தான் சேர்ப்பார்கள். மாலை ஆறு மணிக்குள் செம்பூர் அலுவலகத்தில் 'பெறுபவர்' படிவங்கள் பத்தைப் பூர்த்தி செய்து கொடுக்க வேண்டும். இல்லையென்றால் ஊருக்கு ரயிலேற வேண்டியதுதான். இதற்காக இரண்டு வருடம் காத்திருந்தவள் நான்.

சயானுக்கு ஒரே ஸ்டேஷன், ஐந்து ரூபாய். நான் இறங்கவில்லை, கூட்டம் இறக்கிவிட்டது. தாராவிப் பள்ளிவாசலுக்கு இருபது நிமிட நடை என்றார்கள். நாற்பது நிமிடம் நடந்தேன். மூன்று பேர் மூன்று திசையைக் காட்டினார்கள், மூவரும் நல்ல தமிழில்.

மூன்றரை மணி. ரம்ஜான் மாதம் என்பதால் நோன்புக் கஞ்சிக்குத் தூக்குவாளிகளோடு நீண்ட வரிசை. பாதிப் பேர் நெற்றியில் குங்குமம். முதலில் நின்ற பெண்ணின் பெயர் செல்வி. அவளிடம் படிவத்தை நீட்டினேன்.

"பெறுபவரா? நான் என்ன பிச்சைக்கா வந்திருக்கேன்? காலைல ரெண்டு கிலோ பூண்டு உரிச்சுக் குடுத்தேன்லா. கொடுக்கிறவங்கள்ல போடு."

அடுத்தவர் அண்டா கொடுத்தவர். அதற்கடுத்தவர் புதினா ஆய்ந்தவர். ஒருவர் சிலிண்டர் தூக்கி வந்தாராம். ஐந்து மணிக்குள், கூடவே கொண்டுவந்திருந்த 'கொடுப்பவர்' படிவம் தீர்ந்துபோனது, 'பெறுபவர்' கட்டு அப்படியே இருந்தது. சமையல் செய்யும் காதர் பாயிடமே கேட்டேன்.

"அரிசி ஊர்க்காரங்க தந்தது, கிண்டுறது நான், நோம்பு தொறந்து குடிக்கிறதும் நான். என்னை எதுல போடுவ? அரே, மொதல்ல நீ குடி. உனக்கு நோம்பு இல்லல்லா?"

என்னிடம் பாத்திரம் இல்லை. செல்வி தன் தூக்குவாளி மூடியைக் கழற்றி அதில் ஊற்றினாள். காலையிலிருந்து பட்டினி. வெட்கமில்லாமல் குடித்தேன். குடித்துக்கொண்டே, ஆறு மணிக்குள் பத்துப் 'பெறுபவர்' கிடைக்காவிட்டால் வேலை இல்லை என்று அவளிடம் சொன்னேன்.

"பத்துப் பேர் வேணுமா? பாவம், வேலை போயிரும்னா என் பேரப் போட்டுக்கோ," என்றாள்.

பேனாவைத் திறந்தேன். கையில் அவள் கொடுத்த மூடி காலியாக இருந்தது. பேனாவை மூடிவிட்டேன்.

செம்பூருக்கு ஆட்டோ, நூற்றிருபது ரூபாய். பொறுப்பாளர் கட்டைப் புரட்டினார்.

"ஒண்ணுதானா? இதுல உங்க பேரு இருக்கே."

"ஆமாம் மேடம். அந்த வரிசையில சும்மா வாங்கிக் குடிச்சது நான் ஒருத்திதான்."

அவர் சிரிக்கவில்லை. நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். செய்தது சரியா தப்பா என்று ரயிலிலும் புரியவில்லை. அழுகை வந்தது, அது மட்டும் தெரியும்.

சென்னையில் எங்கள் தெருமுனையிலும் ஒரு பள்ளிவாசல் உண்டு. ஒவ்வொரு ரம்ஜானுக்கும் பக்கத்து வீட்டிலிருந்து கஞ்சி வரும். குடித்திருக்கிறேன். ஒரு பல் பூண்டு உரித்துக் கொடுத்ததில்லை.